தலைக்கு மேல் எரியும் அடுப்பு

கத்தரி வெயிற்காலத்து மாலை ஒன்றை எண்ணிப் பாருங்கள். மணி ஏழு. கதிரவன் மறைந்து ஒரு நாழிகை ஆகிவிட்டது. தாம்பரம் நிலையத்தில் மின்தொடர் வண்டி வந்து நிற்கிறது. கடற்கரையிலும் பூங்காவிலும் கிண்டியிலும் ஏறிய உழைக்கும் மக்கள் இறங்கி, வீடு நோக்கி நடக்கிறார்கள். கீழ்த்திசையிலிருந்து காற்று மெல்ல வீசத் தொடங்கியிருக்கிறது. தெருவிலே நடக்கையில் உடல் சற்றே ஆறுகிறது. வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே காலெடுத்து வைத்ததும், அடுப்பின் வாயைத் திறந்ததுபோல வெக்கை முகத்தில் அடிக்கிறது! வெயில் போய்விட்டது, வெப்பம் போகவில்லை. வெளியே ஆறுகிறது, உள்ளே வேகிறது!

இது என்ன விந்தை? வெயிலுக்கு ஒதுங்கத்தானே மனிதன் வீடு கட்டினான்? ஒதுங்க வந்தவனையே வாட்டுகின்ற வீட்டை யார் கட்டச் சொன்னது?

சென்ற ஆண்டு கோடையில் சேலையூர்ப் பக்கம் ஒரு தோழரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். மாடிப் பகுதியில் குடியிருக்கிறார். அவருடைய தாயார், எழுபதைக் கடந்தவர், கையில் பனையோலை விசிறியுடன் வாசற்படியில் அமர்ந்திருந்தார். தலைக்கு மேலே மின்விசிறி சுழன்றுகொண்டுதான் இருந்தது. "பகலைக்கூடத் தாங்கிக்கலாம் தம்பி. ராத்திரிதான் தாங்க முடியல. மேலேயிருந்து யாரோ நெருப்பை ஊதுற மாதிரி இருக்கு" என்றார். அந்த அம்மையார் பொறியியல் படித்தவரல்லர். ஆயினும் வீட்டு வெப்பத்தைப் பற்றிச் சொல்லவேண்டிய முதல் உண்மையை அவர் சொல்லிவிட்டார். வெப்பம் மேலேயிருந்து வருகிறது!

மாசி முடிந்து பங்குனி பிறக்கப் போகும் நேரத்தில் வெயிலைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் என்றால், வெயில் வருமுன் கூரையைக் கவனிக்கவேண்டும் என்பதும் உண்மைதானே? மே 4ஆம் நாளை ஒட்டி அக்கினி நட்சத்திரம் பிறந்தபிறகு ஒப்பாரி வைத்துப் பயன் என்ன? 2003ஆம் ஆண்டு மே மாத இறுதியில் சென்னையில் வெப்பம் 45 டிகிரி செல்சியசைத் தொட்டது. அந்த நாட்களை மறந்தவர் இருக்கமாட்டார்கள். அத்தகைய நாட்கள் இனி வாரா என்று உறுதி கூறவும் எவராலும் இயலாது.

இரவில் ஏன் வேகிறது?

நம் புறநகர்களில் கடந்த நாற்பது, ஐம்பது ஆண்டுகளாக எழுந்த வீடுகளிலே பெரும்பாலானவற்றின் கூரை, நான்கைந்து அங்குலக் கனமுள்ள கான்கிரீட் தளம். காலை எட்டு மணி தொடங்கி மாலை ஐந்து மணி வரை அந்தத் தளம் வெயிலைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. நாட்பட்டுக் கறுத்துப்போன சிமெண்டுத் தளம், தன்மேல் விழும் கதிரில் கால்பங்கைத்தான் திருப்பியனுப்பும். முக்கால் பங்கை விழுங்கிவிடும். நடுப்பகலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டிவிடுவது உண்டு. வெறுங்காலுடன் மாடியில் துணி உலர்த்தச் செல்லும் தாய்மார்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

விழுங்கிய வெப்பம் உடனே கீழே இறங்குவதில்லை. கான்கிரீட்டினூடே ஊர்ந்து ஊர்ந்து, சில மணி நேரம் கழித்து அடிப்புறத்தை வந்தடைகிறது. அதாவது, உழைத்துக் களைத்தவன் பாயை விரிக்கும் நேரத்துக்குச் சரியாக வந்து சேருகிறது! பிறகு நள்ளிரவைக் கடந்தும் அந்தத் தளம் வெப்பத்தை அறைக்குள் கக்கிக்கொண்டே இருக்கிறது. மின்விசிறி என்ன செய்யும்? தளத்தை ஒட்டித் தேங்கியிருக்கும் அனற்காற்றை அள்ளி, கட்டிலின் மேல் கொட்டும். "நெருப்பை ஊதுற மாதிரி" என்று அந்த மூதாட்டி சொன்னது இதைத்தான்.

மேற்குச் சுவருக்கும் இதே கதைதான். பிற்பகல் வெயில் தாழ்ந்து சாய்ந்து சுவரின் முழு முகத்திலும் விழுகிறது. அந்தச் சுவரை ஒட்டிப் படுக்கையறையை அமைத்தவன் தன் உறக்கத்துக்குத் தானே கொள்ளி வைத்துக்கொண்டவன்.

ஆகவே தெளிவோம்: நம் வீடுகளின் வெம்மை, இயற்கை நமக்கு இட்ட சாபமன்று. அது கட்டப்பட்ட வெம்மை. மனிதன் கட்டியதை மனிதனால் மாற்ற முடியும்.

முன்னோர் கண்ட முறை

இதே மண்ணில், இதே வெயிலில், மின்சாரம் என்ற சொல்லையே கேட்டறியாத மக்கள் வாழ்ந்தார்கள். வாழ்ந்தவர்கள் வீட்டைக் கட்டத் தெரிந்து கட்டினார்கள். பழைய சென்னையின் வீடுகளிலும் அலுவலகங்களிலும் 'மெட்ராஸ் டெரஸ்' என்று பெயர்பெற்ற தளத்தை இன்றும் காணலாம். தேக்கு உத்திரங்களின் மேல், மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, நாட்கணக்கில் கட்டை கொண்டு அடித்து இறுக்குவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிப்பார்கள். முடிவிலே தட்டோடு பதிப்பார்கள். அத்தனை அடுக்குகளையும் கடந்து வெயில் உள்ளே வருவதற்குள் அதன் கொடுமை தணிந்துபோகும். உயர்ந்த தளம், சுற்றிலும் தாழ்வாரம், தெருப்பக்கம் திண்ணை, நடுவிலே முற்றம். ஏறிய வெப்பம் முற்றத்தின் வழியே வெளியேறும். நிழலில் ஆறிய காற்று தாழ்வாரத்தின் வழியே உள்ளே நுழையும்.

'பழமையெல்லாம் பொன்' என்று பாடுவதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. அந்த முற்றமும் தாழ்வாரமும் யாருக்கு இருந்தன? நிலம் இருந்தவனுக்கு இருந்தன. உழுதவனுக்கு இருந்தது ஓலைக் குடிசை. ஓலை குளுமையானது, ஆனால் ஒரு தீப்பொறி பட்டால் ஊரே சாம்பலாகும், ஒரு புயல் வந்தால் பறந்துபோகும். அதனால்தான் ஏழை, கான்கிரீட் வீட்டைக் கனவு கண்டான். 2010இல் தொடங்கிய கலைஞர் வீட்டு வசதித் திட்டமும், 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லமும் அந்தக் கனவுக்குக் கிடைத்த விடைகள். குடிசையிலிருந்து கான்கிரீட்டுக்கு வந்தவனைப் பார்த்து 'குடிசையே குளுமை' என்று போதிப்பவன், ஏழையின் தோழனல்லன். எட்ட நின்று வேடிக்கை பார்ப்பவன்.

நாம் கேட்பது வேறு. தீக்கும் மழைக்கும் அஞ்சாத கூரையைக் கொடுத்தோமே, வெயிலுக்கு அஞ்சாத கூரையாக அதை ஏன் கொடுக்கவில்லை? தளம் போட்டபின் அதன்மேல் மூன்றங்குலம் செங்கல் சல்லிச் சுண்ணாம்பு போட்டுத் தட்டோடு பதிப்பது, நேற்றுவரை சென்னைக் கொத்தனார் ஒவ்வொருவரும் அறிந்த வேலை. செலவைக் குறைப்பதாகச் சொல்லி முதலில் கைவிடப்படுவது அந்த வேலைதான். கட்டுகிறவருக்கு ஒருமுறை மிச்சம். குடியிருப்பவருக்கு ஒவ்வோர் இரவும் நட்டம்!

குறைந்த செலவில் குளுமையாகக் கட்ட இயலாது என்று யாரேனும் கூறினால், அவர்களைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்புங்கள். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, இந்தியாவையே தாயகமாக ஏற்று, 2007இல் கேரள மண்ணிலே மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், அதைக் கட்டியே காட்டினார். செங்கற்களைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவிலே வெற்றிடம் விட்டுச் சுவரெழுப்பும் எலிப்பொறிக் கட்டினால், செங்கல்லில் ஏறத்தாழ கால்பங்கு மிச்சமாகும். இடையில் உள்ள காற்று, வெப்பத்தைத் தடுக்கும். தளத்தின் அடிப்பகுதியில், வலுவுக்குத் தேவையற்ற இடங்களில், கான்கிரீட்டுக்குப் பதிலாக ஓடுகளைப் பதிக்கும் முறையையும் அவர் பரப்பினார். சிமெண்டும் குறைகிறது, சூடும் குறைகிறது. ஏழைக்கான வீடு, ஏனோதானோ வீடாக இருக்கவேண்டியதில்லை என்பதற்கு அவை சான்று.

வெயிலுக்கும் வர்க்கம் உண்டு

கதிரவன் எல்லோர்க்கும் பொதுவானவன் என்பார்கள். கதிரவன் பொது; கூரை பொதுவல்ல.

தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் ஒரு வழக்கத்தைக் காணலாம். வீட்டின் உரிமையாளர் கீழ்த்தளத்தில் இருப்பார். தலைக்கு மேலே ஒரு வீடே நிழலாக நிற்பதால் அவருக்கு வெக்கை குறைவு. மாடியில் வாடகைக்கு இருப்பவருக்கு மேலே வானம்தான். கூரைக்கு உரியவர் கீழே. கூரையின் கொடுமைக்கு உரியவர் மேலே! சுண்ணாம்பு அடித்தால் செலவு உரிமையாளருக்கு, பயன் வாடகையாளருக்கு. அடிக்காவிட்டால் மிச்சம் உரிமையாளருக்கு, மின்கட்டணம் வாடகையாளருக்கு. இந்தக் கணக்குப் புரிந்தால், நம் மொட்டைமாடிகள் ஏன் கறுத்துக் கிடக்கின்றன என்பதும் புரிந்துவிடும்.

இன்னும் கீழே இறங்கிப் பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின் கீழும் தகரத்தின் கீழும் வாழ்வோரின் நடுப்பகலை எண்ணிப் பாருங்கள். நகரின் நடுவிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு, பெரும்பாக்கத்தின் எட்டடுக்குக் கட்டடங்களில் கொண்டுவந்து வைக்கப்பட்ட மக்களை எண்ணிப் பாருங்கள். அங்கே மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள்! உச்சித் தளத்தில் இருப்பவரைக் கூரை சுடுகிறது. நடுத்தளங்களில் இருப்பவரை, நிழலற்ற சுவரும் காற்றோட்டமற்ற அறையும் வாட்டுகின்றன.

வசதி படைத்தவர் குளிர்சாதனத்தை வாங்குகிறார். அதை வாங்குவது குற்றமென்று நாம் கூறவில்லை. முதியவர்க்கும் நோயாளிக்கும் கைக்குழந்தைக்கும் அது உயிர்காக்கும் கருவியாகவே ஆகலாம். பல மாதம் சேர்த்துத் தவணையில் ஒன்று வாங்கிய தொழிலாளியை ஏளனம் செய்ய எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்தக் கருவி என்ன செய்கிறது என்பதை அறிந்துகொள்ளவேண்டும். அது வெப்பத்தை அழிப்பதில்லை. அறையிலிருந்து எடுத்துத் தெருவில் கொட்டுகிறது. தான் ஓடும் வெப்பத்தையும் அதனோடு சேர்த்துக் கொட்டுகிறது. ஒருவருடைய அறை குளிர்கிறது. அடுத்த வீட்டுச் சன்னல் கொதிக்கிறது. தெருவெல்லாம் இப்படிக் கொட்டினால், கருவி வாங்க இயலாதவனின் பங்கு என்ன? அத்தனை பேர் கழித்த வெப்பமும் அவன் பங்கு!

மின்சாரக் கணக்கையும் பார்ப்போம். ஒன்றரை டன் குளிர்சாதனம் முழு வேகத்தில் ஓடும்போது ஏறத்தாழ 1,500 வாட் இழுக்கும். பழைய மின்விசிறி 75 வாட். ஒரு கருவி, இருபது விசிறிகளுக்குச் சமம்! 'பி.எல்.டி.சி.' என்று கடைகளில் விற்கும் புதுவகை விசிறிக்கோ 30 வாட் போதும். நாளொன்றுக்கு 20 மணி நேரம் ஓடுவதாகக் கொண்டால், ஒரு விசிறியை மாற்றுவதால் இரண்டு மாதத்தில் 54 யூனிட் மிச்சம். இரண்டு விசிறிகளை மாற்றினால் 108 யூனிட். 2016இல் வீடுகளுக்கு அறிவிக்கப்பட்ட, இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரத்தைவிட இது மிகுதி. குளிர்சாதனம் வைத்திருப்போர், அதை 24 டிகிரிக்குக் கீழே இறக்காதிருப்பது நன்று. ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் ஏறத்தாழ நூற்றுக்கு 6 பங்கு மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் கூறும் கணக்கு. 2020 முதல் புதிய கருவிகள் இயக்கியவுடன் 24 டிகிரியில் நிற்கும்படி விதி செய்ததும் இதனால்தான்.

மிச்சமாவது காசு மட்டும்தானா? 2024ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் மின்தேவை 20,800 மெகாவாட்டைத் தாண்டியது. அந்த மின்சாரத்தில் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது? நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியிலிருந்து. எண்ணூருக்கு அருகே வடசென்னை அனல்மின் நிலையம் எரிக்கும் நிலக்கரியிலிருந்து. கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிந்து, மீன்பிடிப்போர் வலையில் சேறு ஏறியது எதனால்? தெற்கே ஓர் அறை குளிர, வடக்கே ஓர் ஆறு சாம்பலாகிறது. தென்புறநகரில் ஒரு கூரைக்குச் சுண்ணாம்பு அடித்தால், எண்ணூரில் அந்த அளவுக்குச் சாம்பல் குறையும் என்று உணர்வோமாக.

கொசுவும் சன்னலும்

வெப்பத்தைப் பற்றிப் பேசும்போது கொசுவைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்று கேட்கலாம். பேசியே ஆகவேண்டும்.

சென்னையின் கோடைக்கு ஒரு மருந்து உண்டு; அது கடற்காற்று. வங்கக் கடலிலிருந்து தென்கிழக்காக எழுந்து, முதலில் கரையோரத்தையும் பிறகு உள்ளே தாம்பரத்தையும் வந்தடையும். மேல்காற்று வலுத்த நாட்களில் அது வரத் தாமதமாகும். அன்றுதான் வெப்பம் உச்சத்துக்கு ஏறும். எந்த நாளானாலும், மாலைக்குப்பின் வீட்டைத் திறந்துவிட்டு, கிழக்கிலும் தெற்கிலும் நுழையும் காற்று எதிர்ப்புறத்தில் வெளியேறும்படி வழி வைத்தால், பகலெல்லாம் சுவர் குடித்த வெப்பத்தை இரவு கழுவிவிடும். காலை ஒன்பது மணிக்குச் சன்னலை மூடித் திரையிட்டு, பொழுது சாய்ந்தபின் திறப்பது, இதுவே முறை. நம் காற்று ஈரமானதாகையால், வெட்டிவேர்த் தட்டியும் நீர் தெளித்த கோணியும் மேல்காற்று வீசும் உலர்ந்த வேளையில் மட்டுமே பயன் தரும். மற்ற நேரங்களில் காற்றோட்டமே கண்கண்ட மருந்து.

ஆனால் இரவில் எத்தனை வீடுகளில் சன்னல் திறந்திருக்கிறது? திறந்தால் கொசு! தெருவோரத்துத் திறந்த சாக்கடையில், தேங்கிய கழிவுநீரில் பெருகிய கொசு, மாலை ஆறு மணிக்கே சன்னலைச் சாத்தவைக்கிறது. சாத்திய வீட்டுக்குள் கான்கிரீட் தளம் அனலைக் கக்குகிறது. பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் கடற்காற்றுக்கு வழி இல்லை. கொசுவலை அடித்த சன்னல் உடனடி மருந்து. கழிவுநீர் தேங்காத தெருவே முழு மருந்து. 2021 நவம்பரில், ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவாக்கப்பட்டது. பெயர்ப்பலகை மாறியது, தெருவும் மாறவேண்டாமா? சாக்கடை வேலையைச் சுகாதாரக் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள். மின்சாரச் சிக்கனக் கணக்கிலும் எழுதுங்கள்.

காற்று குளிர்ந்து வரவேண்டுமானால், வருகிற வழியில் நீரும் மரமும் இருக்கவேண்டும். பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, இரும்புலியூர், சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் என்று ஏரியும் கரையுமாக இருந்த ஊர்கள் இவை. ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில், எஞ்சியிருப்பது சிறு பகுதி. அதற்கு 2022இல்தான் உலக அளவிலான ராம்சர் பாதுகாப்புப் பட்டியலில் இடம் கிடைத்தது. ஏரியைத் தூர்த்தவர்கள் நீரை மட்டும் தூர்க்கவில்லை. ஊரின் குளுமையையும் சேர்த்துத் தூர்த்தார்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் முடிச்சூரும் அதன் சுற்றுப்புறமும் வெள்ளத்தில் மூழ்கின. கார்த்திகையில் மூழ்கிய தெருவே சித்திரையில் வேகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. மறுபுறம் 1937இல் தாம்பரத்துக்கு வந்த கிறித்தவக் கல்லூரியின் வளாகத்தைப் பாருங்கள். மரங்கள் அடர்ந்த அந்த வளாகத்தினுள் நுழைந்ததும் உடலே உணர்கிறதல்லவா? அதே ஊர், அதே வெயில். மரம் இருக்கிறது, ஆகவே குளுமை இருக்கிறது.

அரசும் நாமும்

'வீட்டுக்கூரை தனியார் உடைமை. அரசு அதில் எப்படித் தலையிடும்?' என்று வினவுவோர்க்கு, தமிழ்நாடே விடை கூறியிருக்கிறது. 2003இல் மழைநீர் சேகரிப்பு ஒவ்வொரு கட்டடத்துக்கும் கட்டாயமாக்கப்பட்டது. மாளிகையா, சிறு வீடா என்று பார்க்காமல், கூரைநீரைக் குழாய் வழியே மண்ணுக்குள் இறக்கவேண்டும் என்று அரசு ஆணையிட்டது, மக்கள் செய்தார்கள். கூரையில் விழும் மழையைப் பிடிக்கச் சொல்ல அரசுக்கு உரிமை உண்டென்றால், கூரையில் விழும் வெயிலைத் திருப்பியனுப்பச் சொல்லவும் உரிமை உண்டு.

பிற ஊர்கள் வழி காட்டுகின்றன. 2010 மே மாத வெப்ப அலையில், ஆமதாபாத்தில் வழக்கத்தைவிட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தனர். அந்தப் பேரிழப்புக்குப்பின், 2013இல் அந்நகரம் வெப்பத்தை எதிர்கொள்ளத் தனித்திட்டம் வகுத்தது. பிறகு ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசத் தொடங்கியது. 2023இல் தெலங்கானா, குளிர்ந்த கூரைக்கென்றே கொள்கை அறிவித்தது. தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்போரின் குடும்பத்துக்கு நிவாரணத்துக்கும் வழி செய்தது. வரவேற்கிறோம். ஆனால் இறந்தபின் தருவது நிவாரணம். இறவாமல் காப்பது கூரை. ஆகவே நாம் கேட்பவை இவை:

புதிய கட்டட அனுமதியில், மழைநீர்க் குழாயைப்போலவே, வெயிலைத் தடுக்கும் கூரைப்பூச்சோ தட்டோடோ கட்டாயமாகட்டும். அரசு கட்டித்தரும் வீடுகளின் மதிப்பீட்டிலேயே கூரைப் பாதுகாப்புச் செலவு சேரட்டும். பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர் குடியிருப்புகளின் கூரைகளெல்லாம் கோடைக்கு முன்னே வெள்ளையாகட்டும். மேற்குச் சுவர்ச் சன்னல்களுக்கு வெளிப்புற நிழல் அமையட்டும். ஏரி எல்லைக்குள் இனி ஒரு செங்கல்லும் ஏறாதிருக்கட்டும்.

கேட்டுவிட்டு நாம் கையைக் கட்டிக்கொண்டிருப்பதா? நம்மைப் பார்த்தும் நாம் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். மாநாட்டு வளைவுக்காக மரக்கிளையை வெட்டியவர்களில் நம்மவர் இல்லையா? புங்கமரத்தின் நெஞ்சில் ஆணியடித்துத் தட்டி கட்டியவர்களில் நம்மவர் இல்லையா? ஏரிப் புறம்போக்கில் மனை போட்டவன், யாரோ ஒருவருடைய சிபாரிசுக் கடிதத்துடன்தானே வந்தான்? பிறரைச் சுட்டும் விரல், முதலில் நம் பக்கம் திரும்பட்டும்.

செய்யவேண்டிய பணி எளிது. நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து, சலித்து, பசை சேர்த்து, பெருக்கிக் கழுவி நனைத்த மொட்டைமாடியில் இரண்டு கை பூசவேண்டும். புதிதாகப் பூசிய வெள்ளை, வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பியனுப்பிவிடும். கட்டடத்தின் அமைப்புக்கேற்ப, அறை வெப்பம் 2 முதல் 5 டிகிரி வரை தணியும். புழுதியும் மழையும் வெண்மையைக் கெடுப்பதால் ஆண்டுதோறும் பங்குனியில் புதுப்பிக்கவேண்டும். மழை தொடங்கும்போது, கூரையைக் கழுவிவரும் முதல் நீரைத் தொட்டிக்கு விடாமல் வெளியே விட்டுவிடவேண்டும். மேற்குச் சன்னலுக்கு வெளியே தென்னங்கீற்றுத் தட்டி கட்டலாம். அறைக்குள் தொங்கும் திரையைவிட வெளியே நிற்கும் தட்டியே வெயிலைத் தடுக்கும். வீட்டின் மேற்கே ஒரு வேம்போ பூவரசோ நடலாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் மேல் ஏறவேண்டாம், தோழர்களே! அது காலின் கீழ் உடையும். அதைச் சுரண்டினால் எழும் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. அதற்குக் கீழே மூங்கில் தட்டியோ ஓலைப் பாயோ கட்டி, இடையே காற்று ஓட வழி விடுவதே நலம்.

ஒவ்வொரு வட்டத்திலும் தோழர்கள் கூடிப் பட்டியல் எடுங்கள். மாடியில் தனியே வாழும் முதியவர் யார்? கைக்குழந்தையோடு உச்சித் தளத்தில் இருப்பவர் யார்? சுண்ணாம்பு வாங்க இயலாதவர் யார்? வீட்டு உரிமையாளரிடம் சென்று பேசுங்கள். தளமும் நெடுநாள் உழைக்கும் என்று எடுத்துச் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால் ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஏறி, எட்டரைக்குள் இறங்கிவிடலாம்.

சுண்ணாம்பு வாளியும் மட்டையும் நம் தோழர்களுக்குப் புதியனவா என்ன? தேர்தல் வந்தால் இரவோடிரவாக ஊர்ச் சுவரையெல்லாம் வெள்ளையடித்து இடம் பிடிக்கிறவர்கள் நாம்! அந்தக் கைகளுக்கு இப்போது வேறு வேலை. சுவரில் அல்ல, கூரையில் அடிக்கவேண்டும். அதன்மேல் சின்னம் வரையவேண்டாம், பெயர் எழுதவேண்டாம், எழுதினாலும் அதைப் படிக்கக் கதிரவனைத் தவிர எவரும் வரப்போவதில்லை. ஆனால் அன்றிரவு, வாசற்படியில் விசிறியுடன் அமர்ந்திருந்த அந்தத் தாய், உள்ளே சென்று கண்ணயர்வார். வாக்குக் கேட்டு நாம் அடித்த எந்த வெள்ளையும் அந்த உறக்கத்தைத் தந்ததில்லை.

பங்குனி பிறக்கிறது. வாளியை எடுங்கள்!